நரித்தோலுக்குப் பக்கத்து இடம்

அருங்காட்சியகத்து இழுப்பறை ஒன்றில் பாலைவன நரியின் தோல் ஒன்று வெகுகாலமாகப் படுத்துக் கிடந்தது. பின்னங்காலில் ஒரு சீட்டு; அதில் நரி சுடப்பட்ட ஊரும் தேதியும். ஒரு பக்கம் ஓநாயின் மண்டையோடு. மறுபக்கம் காலி. அது அடுத்த நரிக்கென்று விட்டுவைத்த இடம்.

இழுப்பறை திறக்கும்போதெல்லாம் நரித்தோலுக்கு ஆசை பொங்கும். "நம்மாளு யாராவது வர்றாங்களா பாருங்கண்ணே."

"வர்றதுக்கு யாரு இருக்கா?" என்று மண்டையோடு பல்லைக் காட்டும். "உன்னோட முடிஞ்சுபோச்சு உங்க வம்சம். பேசாம படு."

ஒருநாள் இழுப்பறை திறந்தது. காலி இடத்தின் ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வந்து உட்கார்ந்தது. உள்ளே காய்ந்துபோன நரிப் பீ. அதற்கும் கழுத்தில் ஒரு சீட்டு.

மண்டையோட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டுக்கிட்டே இருந்தியே, வந்துட்டாரு உங்காளு!"

நரித்தோலுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இதுக்கெல்லாமா சீட்டு? உடம்பு எங்கப்பா?"

"உடம்பா?" என்றது குப்பி. "அது மணல்மேட்டுல எலி பிடிச்சுக்கிட்டிருக்கும். குட்டிங்க பசியோட காத்திருக்குமே! ஒரு ஊர்ல நரி இருக்குன்னு எழுதிவைக்க இப்பல்லாம் நரியைச் சுடுறதில்ல. அது போட்டுட்டுப் போனதைப் பொறுக்கிட்டு வந்தாலே போதுமாம்."

மண்டையோடு சிரிப்பை நிறுத்தியது.

"குட்டிங்க வேற இருக்கா?" என்று மட்டும் கேட்டது நரித்தோல்.

அடுத்த முறை இழுப்பறை திறந்து மூடியதும், நரித்தோல் பதறிப்போய்ப் பக்கத்தில் பார்த்தது. குப்பிக்கு அந்தப்புறம் இடம் காலியாகவே இருந்தது.

"அப்பாடா!" என்றது.