ஐம்பதுகளின் கட்

“இதுல எது ரொம்ப அகலம்?”

கசுமி இப்படிக் கேட்டதும் கடைக்காரர் அகாகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பானில் ஜீன்ஸுக்கே பேர்போன ஊரான கோஜிமாவில், ஜீன்ஸ் கடைக்குள் வந்து யாரும் அப்படிக் கேட்பதில்லை.

“உங்க வீட்டுக்காரருக்குத்தானே? அப்போ அகலத்தைப் பத்திப் பேசவே கூடாது” என்றபடி மூன்று ஜீன்ஸை மேஜையில் விரித்தார்.

மூன்றும் ஒரே துணி. பழைய தறியில் நெய்து, ஓரத்தில் சிவப்புக் கரை வைத்த கனத்த டெனிம். நிறுத்தி வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும்.

“இது 1940கள்ல தைச்ச மாதிரி கட். இடுப்பு மேலே ஏறி நிக்கும், கால் குழாய் மாதிரி நேரா இறங்கும். இது ஐம்பதுகள். இடுப்பு, தொடை எல்லாம் தொளதொளன்னு இருக்கும். இது அறுபதுகள். முழங்காலுக்குக் கீழே ஒடுங்கும். உங்க ஹிராமட்சு இதைத் தவிர வேற எதையும் தொட்டதில்லை.”

“ஐம்பதுகளே குடுங்க. இருக்கிறதுலயே பெரிய இடுப்பா.”

ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்த தெராவோ திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையானால் இந்தக் கடையில் கூடி ஜீன்ஸைப் பற்றியே பேசுகிற கூட்டத்தில் அவரும் ஹிராமட்சுவும்தான் மூத்தவர்கள்.

“என்ன கசுமி சான், ஆளு ஊதிட்டாரா? ரொம்ப நாளா இந்தப் பக்கம் காணோமேன்னு நினைச்சேன். தொப்பையைத் தள்ளிக்கிட்டு வர வெக்கமாக்கும்?”

“வீட்ல இருக்கிற எதுவும் ஏறல” என்றாள் கசுமி. “வயிறு உப்பிப் போச்சு.”

“பீரைக் குறைக்கச் சொல்லுங்க!”

“குடிக்கிறதை விட்டுட்டார்.”

“ஹிராமட்சுவா? நம்பிட்டோம்!”

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். கசுமி ஐம்பதுகளின் ஜீன்ஸை எடுத்து இடுப்பை இழுத்து விரித்துப் பார்த்தாள்.

“துணி விறைப்பா இருக்கே. மாட்டிவிடச் சுலபமா இருக்குமா?”

“மாட்டிவிடவா? கைக்குழந்தையா அவர்?” என்றார் தெராவோ. “விறைப்பா இருந்தாத்தான் அழகு. என்னோடதைப் பாருங்க, வாங்கினதிலிருந்து தண்ணியே காட்டலை. தொடையில வெளுத்திருக்கு பாருங்க கோடு. உயிருள்ள துணி இது!”

கசுமி அவருடைய தொடையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஜீன்ஸின் பைகளின் மூலைகளில் ஆணிபோல அடித்திருந்த செம்பு ரிவெட்டுகளைத்தான் பார்த்தாள்.

“இதையெல்லாம் பிடுங்கிடணும்.”

“எதை?” என்றார் அகாகி.

“இந்த ரிவெட்டை. பித்தானை. பின்னாடி இருக்கிற தோல் பட்டையை. எல்லாத்தையும். பித்தானுக்குப் பதிலா ரெண்டு நாடா தைச்சுக் குடுங்க, முடிச்சுப் போட்டுக்கலாம். இன்னிக்கே வேணும்.”

அகாகியின் சிரிப்பு நின்றது.

“ஜீன்ஸ் வாங்க வந்தீங்களா, பைஜாமா வாங்க வந்தீங்களா?”

“முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க.”

“முடியாது. அந்த ரிவெட்டெல்லாம் நான் கையால அடிச்சது. பட்டையில என் கடைப் பேர் இருக்கு. அதையெல்லாம் எடுத்துட்டா இது வெறும் கோணி. கோணி விக்கிறவன் இல்லை நான்.”

தெராவோ காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க கசுமி சான். ஹிராமட்சுவைப் பத்தி உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். நாங்க அண்ணன் தம்பி மாதிரி. எதை எப்போ வாங்கினார், எதை மழையில கூடப் போட மாட்டார், எல்லாம் எனக்கு அத்துப்படி. இப்படிப் பிடுங்கினதைக் கொண்டுபோய்க் குடுத்தா அவர் மனசு என்ன பாடுபடும்?”

“ஜீன்ஸ் வேணும்னு அவர்தான் கேட்டார்.”

“ஜீன்ஸ் கேட்டிருப்பார். ரிவெட்டைப் பிடுங்கச் சொன்னாரா?”

“இல்லை.”

“பின்னே? உங்களுக்குத் துவைக்க, மடிக்கச் சௌகரியமா இருக்கணும். அவ்வளவுதானே? வீட்டுல ஒரு மனுஷனுக்கு ஒரு ஆசை இருந்தா, அதை ஒடிச்சாத்தான் உங்களுக்கெல்லாம் தூக்கம் வரும். ஆளை வரச் சொல்லுங்க. அவர் வாயால சொல்லட்டும்.”

அகாகி அவள் கையிலிருந்து ஜீன்ஸை வாங்கி மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆமா. அவரே வரட்டும்.”

கசுமி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து காலையில போயிட்டார்.”

அகாகி ஜீன்ஸிலிருந்து கையை எடுத்தார்.

“கல்லீரல். வசந்த காலத்துலேர்ந்து ஆஸ்பத்திரிதான். நாளைக்குத் தகனம். ஜீன்ஸோடதான் போகணும்னு ஒரே பிடிவாதம். பெட்டியோட எரிக்கிறதால உள்ளே உலோகம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு மயானத்துல சொல்லிட்டாங்க. தோலும் கூடாதாம்.”

“எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே...” என்றார் அகாகி.

“சொல்ல வேண்டாம்னுட்டார். கொஞ்ச நாள் காணலைன்னா அவங்களே தேடிக்கிட்டு வருவாங்கன்னார். ஞாயித்துக்கிழமையானா சவரம் பண்ணிவிடச் சொல்லி, கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.”

அகாகி உள்ளே போய்க் குறடு எடுத்துவந்தார். மடித்த ஜீன்ஸைப் பிரித்தார். தலை நிமிராமல் ரிவெட்டுகளைப் பிடுங்கத் தொடங்கினார். ஒவ்வொன்றும் மேஜையில் விழுந்து உருண்டது.

தெராவோ இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். வெகுநேரம் அப்படியே நின்றார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். மூக்கைச் சிந்தினார்.

பிறகு கசுமியின் அருகில் வந்து, அகாகிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வீட்ல இருக்கிற அவரோட ஜீன்ஸெல்லாம்... இன்னும் யாருக்கும் தர்றதாச் சொல்லிடலையே? எனக்கும் அதே அளவுதான்.”