ஐந்தரை அங்குலம்

அன்று உலக உருண்டை மேசைமேல் இருந்ததா, அம்மாவின் மடியில் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அளவு நாடா அம்மாவின் கழுத்தில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

அக்காவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நீ வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

இந்தப் பதிலில்தான் தன் பயணம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவள் கணக்கில் புலி. அம்மாவின் கழுத்திலிருந்து நாடாவை உருவினாள். அந்த நாட்டு விமான நிலையத்திலிருந்து எங்கள் விமான நிலையம் வரை, இடுப்பளவு எடுப்பதுபோல் உருண்டையைச் சுற்றிப் பிடித்தாள்.

ஐந்தரை அங்குலம்.

"அங்குலத்துக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். மொத்தம் எட்டாயிரத்து எண்ணூறு. ஒரே விமானம், பத்து மணி நேரம்மா."

"அப்படியே மேலேர்ந்து குதிச்சிடுவியா? வீட்டுலேர்ந்து வீட்டுக்குச் சொல்லுடி."

அக்கா சிரித்துக்கொண்டே அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். அங்கே சாலையில் ஒன்றரை. காத்திருக்க மூன்று. பறக்கப் பத்து. வெளியே வர ஒன்று. இங்கே வீடுவரை இரண்டேகால். ஆகப் பதினேழே முக்கால் மணி நேரம்.

"அங்க போறதுக்கும் இதேதானா?"

"எதிர்க்காத்தும்மா. ஒன்றரை மணி கூட ஆகும். அது எதுக்கு உனக்கு?"

அம்மா தாளை வாங்கித் திருப்பி எதையோ குறித்தாள். யாருடைய கை அளவோ என்று நினைத்தேன். மடித்துப் பட்டன் டப்பாவில் போட்டாள். ஊசியில் நூல் கோத்தாள்.

"போயிட்டு வா" என்றாள்.

மூன்று வருடம் அம்மாவுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

போன் அங்கிருந்துதான் வந்தது. சாலையைக் கடக்கும்போது அக்காமேல் கார் மோதிவிட்டது. அறுவை சிகிச்சை நடக்கிறது.

அம்மா பட்டன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே, எனக்கே தெரியாத ஒரு பாஸ்போர்ட். விசாவோடு. எடுத்த தேதி, அக்கா போன அடுத்த மாதம்.

கூடவே அந்தத் தாள். பின்பக்கம், துணியில் குறி போடும் நீலப் பென்சிலால் அம்மா எழுதியிருந்தாள்: பதினேழே முக்காலும் ஒன்றரையும் பத்தொன்பதேகால்.

அம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி இருபது மணி நேரத்தில் அக்காவின் கட்டிலருகே இருந்தாள். கூடுதல் முக்கால் மணி நேரம் அங்கே விமான நிலையத்தில் வெளியே போகும் வழி தேடியதில் போனதாம்.

அக்கா இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். அதே ஊர், அதே வேலை. அம்மா நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். உருண்டை என்னிடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை அம்மா மறுபடி பட்டன் டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.