இடது கைக்கு இரண்டு பட்டன்

சின்னமனூர் மெயின் ரோட்டு போட்டோ ஸ்டூடியோவின் ஷட்டர் பல மாதங்களுக்குப் பிறகு பாதி ஏறியிருக்கிறது. காலை வெயில் அதன் அடியில் நுழைந்து தரையில் நீண்டு கிடக்கிறது. வாழைத்தார் லாரி ஒன்று கடக்கும்போது கண்ணாடிகள் அதிர்கின்றன. பக்கவாதம் வந்ததிலிருந்து ஸ்டூடியோக்காரர் பிலவேந்திரனின் வலது கை மடியிலேயே கிடக்கிறது, மவுஸைப் பிடிக்க முடிவதில்லை. அதனால் அவர் மனைவி ரோஸ்லின், கீபோர்டின் இடது ஓரத்துத் தனிப் பட்டன்கள் இரண்டை அவருக்காக அமைத்து முடித்திருக்கிறாள். சிவப்பு நகப்பூச்சு தொட்டு வைத்த பட்டனை அழுத்தினால் பழைய படங்கள் வரும். பச்சையை அழுத்தினால் படம் திருத்தும் சாஃப்ட்வேர் திறக்கும். “இங்கன அழுத்துங்க,” என்கிறாள். அவருடைய இடது கை விரல் தயங்கித் தயங்கிச் சிவப்பில் இறங்குகிறது. திரை நிறைய மாதா கோயில் படி. கல்யாண முக்காட்டுடன் ரோஸ்லின், பக்கத்தில் டை கோணிப்போன மாப்பிள்ளை. டைமரைப் போட்டுவிட்டு அவரே ஓடிவந்து நின்று எடுத்த படம். “ஓடியாந்து நின்னீகள்ல, மூச்சு வாங்குறது படத்துலயே தெரியுது,” என்று சிரிக்கிறாள் ரோஸ்லின். அவர் சிரிக்கவில்லை. திரையில் இருக்கும் அவள் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். “ஒம் மூஞ்சில வெளிச்சம் பத்தலடி. அன்னைக்கே பாத்தேன்,” என்று குழறலாகச் சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே பச்சைப் பட்டனை அழுத்துகிறார்.