பழகிய கை

சங்கப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு செயலாளர் ஓடி ஒரு வாரமாகிவிட்டது. கடன் சங்க அறையில் உறுப்பினர்கள் முண்டியடித்தார்கள். எல்லோரையும் விட, சந்தையில் சுமை தூக்கும் மூட்டைக்காரருக்குத்தான் சத்தம் அதிகம். கூரை மாற்ற வைத்திருந்த ஆறு வருடச் சேமிப்பு போன வயிற்றெரிச்சல்.

“போலிக் கடன் நாப்பதாமே. எந்த மடையன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்? எவனாவது கைநாட்டுப் பேர்வழியா இருப்பான்.”

“இவரு அம்பது வயசுல படிச்ச மேதை” என்றாள் மனைவி.

“சிரி. என் எழுத்தைப் பாத்து செயலாளரே அசந்துபோனாரு.”

புதிய அதிகாரி ஒரு கட்டைப் பிரித்தார். “நாப்பதும் ஒரே ஆள் பேர்ல இருக்கு.”

“குடுங்க, நான் படிக்கிறேன்.”

எழுத்துக் கூட்டிப் படித்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

“யாருங்க அது?” என்றாள் மனைவி.

“காசு போட்டு நோட்டு வாங்காதீங்கண்ணே, இந்தப் பழைய படிவத்துல கையெழுத்துப் பழகுங்கன்னு செயலாளர் ஒரு கட்டு குடுத்தாரு. தினம் ஒண்ணு போட்டேன். திருத்தித் தரேன்னு வாங்கி வச்சுக்கிட்டாரு.”

மனைவி தாள்களைப் புரட்டினாள்.

“முதல்ல கோழி கிளறின மாதிரி இருக்கு. கடைசியில முத்து முத்தா இருக்கு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பழக்கியிருக்கான்.”

மூட்டைக்காரர் ஏமாந்த கதையை அதிகாரி புகாராக எழுதி, பேனாவை நீட்டினார். “கீழ கையெழுத்துப் போடுங்க ஐயா.”

மூட்டைக்காரர் பேனாவைத் தொடவில்லை. இடது கைப் பெருவிரலை நீட்டினார்.

“மை இருக்குங்களா?”