சீமையிலிருந்து வந்த மூட்டை

கமலவேணி அந்த மூட்டையைக் கையால் தொடவில்லை. வேலிக் குச்சி ஒன்றை ஒடித்து வந்து, அதன் நுனியால் முடிச்சை நெம்பினாள். எட்டு மாசம் சீமையில் சுற்றிவிட்டு வந்த புருஷனின் துணி அப்படி நாறியது.

"கப்பல்ல வந்தியா, இல்ல மாட்டுக் கொட்டாயில வந்தியாய்யா?"

குழந்தைவேல் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து இப்படித்தான், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். தாடியைக்கூட மழிக்கவில்லை.



அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அவர்கள் ஊரான பாகூரில் அது கிடைத்த மற்றவர்களெல்லாம் பிரெஞ்சு நாட்டுக்குப் போய் வேலையில் சேர்ந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். இவனோ, "கம்மிச் செலவுல நாலு ஊரப் பாத்துட்டு, அப்படியே தோதா ஒரு வேலையும் தேடிக்கறேன்" என்று கிளம்பினான். அதற்காக அடகுக்குப் போனது அவள் கழுத்துச் சங்கிலி. ஆவணிக்குள் மீட்காவிட்டால் முழுகிவிடும்.

ஊர் ஊராகப் படம் போட்ட கார்டு வந்தது. ரயிலடியில் படுத்துக்கொள்கிறானாம், ரொட்டியைத் தின்று தண்ணீர் குடிக்கிறானாம். கடைசிக் கார்டில், 'நம் கடைக்கார பாய் மகன் பக்கீரின் அறையில் தங்கியிருக்கிறேன், சாப்பாட்டுச் செலவு இல்லை. உன் சங்கிலிப் பணத்தில் பாதி அப்படியே இருக்கிறது, வந்து மீட்டுத் தருகிறேன்' என்று எழுதியிருந்தான்.

வந்தான். பஸ்ஸுக்குக் காசில்லாமல் வில்லியனூர் ரயிலடியிலிருந்து நடந்தே வந்தான்.

"பாதிப் பணம் இருக்குதுன்னியே, எங்கய்யா? எவ வூட்ல குடுத்துட்டு வந்த?"

"செலவாயிடுச்சி."

அவ்வளவுதான் பதில். சாராய நாற்றம் வருகிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தாள். வரவில்லை. அதற்குக்கூட வக்கில்லையோ என்று இன்னும் அருவருப்பாக இருந்தது.

காலையில் அரிசி கடன் கேட்டு ஹபீப் முகமது பாய் கடைக்குப் போனபோது, பாயின் மனைவி ஜொஹரா பீவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கீர் அவளுடைய ஒரே பிள்ளை. பிரெஞ்சு நாட்டு மர்சேய் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை.

"எம் புள்ள நல்லா இருக்கானாம்மா? எனக்கு ஏதாச்சும் குடுத்தனுப்பிச்சானா?"

"ஒண்ணும் குடுக்கலியாம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது மூட்டை அவிழ்ந்து, முதல் சட்டை குச்சியில் தொங்கியது. அதன் காலர் மடிப்பில் பச்சை நூலால் ஒரு தையல். கமலவேணிக்குத் திக்கென்றது. பக்கீர் கப்பலேறுவதற்கு முந்தின வாரம், துணி மாறிவிடக் கூடாதென்று ஜொஹரா பீவி உருப்படி உருப்படியாகப் பச்சை நூலில் அடையாளம் தைத்ததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

மற்றவற்றையும் கிளறினாள். கைலி, தொப்பி, தேய்ந்துபோன செருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், மயிர் மழுங்கிய ஒரு பல் பிரஷ்.

"ச்சீ! இதக்கூடவாய்யா வுட்டு வைக்க மாட்ட?"

குழந்தைவேல் அடித்துப் புரண்டு எழுந்து உட்கார்ந்தான். "அத ஏன்டி பிரிச்ச?"

"பிரிக்காம? சோறு போட்டு, படுக்க எடம் குடுத்திருக்கான் அந்தப் புள்ள. அவன் துணியவே சுருட்டிக்கிட்டு வந்திருக்கியே, நீ இன்னா ஜென்மம்யா? பொண்டாட்டி சங்கிலியத் தின்ன. அது பத்தலியா?"

"கமலம், மெதுவா பேசு."

"ஏன், மானம் போவுதா? இருந்தாத்தான போவறதுக்கு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திருடன் முழி. அவள் வாசலில் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருப்படலைத் தள்ளிக்கொண்டு ஜொஹரா பீவி வந்தாள். ஒரு கையில் துணி போட்டு மூடிய பாத்திரம்.

"கமலவேணி, தம்பி முழிச்சிக்கிட்டுதா? சேமியாப் பாயசம் செஞ்சேன், எம் புள்ள சேதி சொல்ற வாய்க்கு இனிப்பு குடுக்கணுமில்ல? கப்பல் அசதி தீரட்டும்னு பொறுத்துப் பாத்தேன், இதுக்கு மேல முடியலம்மா."

கமலவேணிக்கு முகம் எரிந்தது. இந்த வீட்டு அரிசி, அந்தக் கிழவி கொடுத்த கடன். அவளிடம் போய்ப் பொய் சொல்லவும் வைத்துவிட்டான் இந்த மனுஷன்.

குச்சியை எறிந்தாள். சட்டை, கைலி, செருப்பு எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டாள்.

"இன்னா செய்யற?" குழந்தைவேல் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"வுடுய்யா. அவங்க புள்ள பொருள அவங்க கையில குடுத்து, கால்ல வுழப்போறேன். திருட்டுத் துணி என் வூட்ல இருக்கக் கூடாது."

"இன்னாம்மா, உள்ள சண்டையா?" வாசலில் ஜொஹரா பீவி சிரித்தாள். "நாளு கழிச்சி வந்த ஆம்பளைய இப்படியா வெரட்டுவ?"

குழந்தைவேல் பிடியை விடவில்லை. அவள் காதோரம் குனிந்து சொன்னான்:

"காட்டாதடி... இருந்த காசையெல்லாம் போட்டு அவன அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கேன்."