இடது பின்கதவு

பழைய காரின், விறகு மாதிரி விறைத்துக் கிடந்த கதவு ரப்பர்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மூன்று நாள் கிளிசரின் பூசி மெத்தென்று ஆக்கியிருந்தார் மெக்கானிக். புது ரப்பர் வேண்டவே வேண்டாம் என்று கார்க்கார அம்மாள் ஒற்றைக்காலில் நின்றதால்தான் இந்தப் பாடு. அவள் கணவர் தவறிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"பின்சீட்ல இடது பக்கம் காத்து வருதுன்னு கடைசிவரைக்கும் புலம்பினாரு தம்பி. காகிதத்தை நாலா மடிச்சு மேல் மூலையில சொருகி வெச்சுக்குவாரு."

வேலை முடிந்ததும் மெக்கானிக் வழக்கமான சோதனையைத் தொடங்கினார். துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, வெளியே இழுப்பார். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மூன்று கதவுகளில் காகிதம் கிழிந்ததே தவிர அசையவில்லை.

இடது பின்கதவில், காகிதம் அவர் விரலிலிருந்து நழுவி மெதுவாக உள்ளே போனது.

கதவைத் திறந்தார். சீட்டில் யாரும் இல்லை. காகிதம் நாலாக மடிந்து, மேல் மூலையில் சொருகியிருந்தது.

"சரியா வந்துடுச்சா தம்பி?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அந்த அம்மாள்.

மெக்கானிக் கிளிசரின் பாட்டிலை மறுபடி திறந்தார்.

"இன்னும் லேசா காத்து வருதுங்கறாரும்மா."