கூவே, மிஸ்யே

போர்வைக்குள்ளிருந்து ஜம்புநாதன் வாத்தியார் இன்னொரு முறை கொக்கரக்கோ என்று கூவினார்.

நாற்பத்தைந்து வயதில், பகல் வெளிச்சத்தில், சுய புத்தியோடுதான் கூவினார்.

நேற்று அடித்த புயலில் ரோஸ் பெல் ஊர் முழுக்க மரம் விழுந்து மின்சாரம் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வெள்ளைக்காரனுக்குக் குளிர்காலம் காத்திருக்குமா? கம்பளிச் சட்டைத் தொழிற்சாலை மட்டும் ஜெனரேட்டரை ஓட்டி, காலையிலேயே வேனை அனுப்பி, அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஜோஸ்லீனை அள்ளிக்கொண்டு போனது.

போகிற வேனின் ஜன்னலில் தலையை நீட்டி, சமையலறைப் பக்கம் கையைக் காட்டி அவள் கத்தியதுதான் இத்தனைக்கும் காரணம்.

"மிஸ்யே, கூரான் இன் அலே! பிஸேன் கூவே, மிஸ்யே! கூவே!"

வாத்தியார் கும்பகோணத்திலிருந்து மொரீசியஸ் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஆனாலும் கிரியோல் மொழியில் மிஸ்யே என்றால் ஐயா, கூரான் என்றால் கரண்ட், இன் அலே என்றால் போயிற்று, பிஸேன் என்றால் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூவேதான் புதிது.

புதிது என்ன புதிது, நம் சொல்தானே. கரும்பு வெட்ட வந்தவர்கள் கொண்டுவந்து போட்டது. முருங்கைக்கீரைக்கு இங்கே மூரும். கறிவேப்பிலைக்குக் காரிப்பிலே. ஆகவே கூவே என்றால் கூவு. ஏகாரம் மட்டும் பிரெஞ்சுக்காரன் ஒட்டியது.

எங்கே கூவுவது என்பதிலும் சந்தேகமில்லை. சமையலறை மூலையில் ஓலைப்பைக்குள் முட்டைகள் இருந்தன. அவற்றின் தாயைக் கீரி கொண்டுபோய்விட்டது. அந்தக் கோழிக்காக ஜோஸ்லீன் அழுததை வாத்தியார் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். செத்துப்போன அம்மா கொடுத்த கோழியின் வம்சமாம். இந்த முட்டைகள்தான் மிச்சம். மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் காப்பாற்றி, இன்றைக்கோ நாளைக்கோ பொரிக்கும் என்று அவள் காத்திருந்த நேரத்தில்தான் புயல் வந்தது.

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். பல்பு அணைந்ததும் உள்ளே இருக்கிறவர்கள் ராத்திரி என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால்தானே எழுந்து வருவார்கள்? மிகவும் நியாயமாகப் பட்டது.

வேறு யார் சொல்லியிருந்தாலும் செய்திருக்க மாட்டார். ஜோஸ்லீன் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். ஆனால் இவர் குடிவந்த அன்றைக்கே தனிச்சட்டி வாங்கி, அதில் மீன் வாசனைகூடப் படாமல் பருப்பு வேகவைத்துப் போட்டவள். அந்தப் பருப்பைத் தின்றுவிட்டு ஒரு கொக்கரக்கோ சொல்ல மாட்டேன் என்றால் அவன் மனிதனா?

முதலில் நின்றபடிதான் கூவினார். பக்கத்து வீட்டு போலெட்டின் ஜன்னல் திறந்தது.

மானம் போகிறதே என்று நாற்காலியில் உட்கார்ந்து, ஓலைப்பையோடு சேர்த்துத் தலைவழியே கம்பளியைப் போர்த்திக்கொண்டார். ஓலை குரலைத் தடுக்குமோ என்று அடுத்த கவலை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து தொடாத முட்டையைத் தொட்டார். ஒவ்வொன்றாக எடுத்து வேட்டி மடியில், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மடிக்கு முட்டை வந்தது, இத்தனை நாள் காத்த மடி போனது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு மடியில் கனம், ஜன்னலில் பயம். எழுந்திருக்க முடியவில்லை. பசித்தது, பொறுத்துக்கொண்டார். ஒன்றுக்கு வந்தது, அதையும் பொறுத்துக்கொண்டார். இடைவிடாமல் கூவினார்.

சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள், அதைக்கூடச் செய்து முடிக்கவில்லையே என்று கண் கலங்கியது. அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து மடியில் ஏதோ குத்தியது. பிறகு ஈரமாக நெளிந்தது. பிறகு கீச் என்றது.

வாத்தியார் போர்வையிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது வாசலில் ஜோஸ்லீன் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் போலெட். காலையிலிருந்து கேட்ட சத்தத்தை நேரில் பார்க்க வந்தவள், சிரிக்க வாயைத் திறந்தாள்.

ஜோஸ்லீன் உதட்டில் விரல் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"உஷ். மிஸ்யே பே கூவே."

பே என்று வந்தால் காரியம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அளவுக்கு இலக்கணம் அவருக்குத் தெரியும். மிஸ்யே கூவிக்கொண்டிருக்கிறார் என்கிறாள்.

அவர்தான் தொண்டை கட்டியதிலிருந்து வாயே திறக்கவில்லையே.

வாத்தியார் மெதுவாகக் குனிந்து தன்னைப் பார்த்தார். மடக்கிய கால்கள். இரண்டு பக்கமும் விரிந்து தொங்கும் கம்பளி. வயிற்றுச் சூட்டில் முட்டைகள்.

அவள் கூவவே சொல்லவில்லை. அடைகாக்கச் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் பொரியாத முட்டைகள் மடியில் இருந்தன. வாத்தியார் எழுந்திருக்கவில்லை. கால்களைக் கொஞ்சம் நெருக்கி, கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, இல்லாத குரலில் ஒரு கொக்கரக்கோவும் சொல்லிவைத்தார்.

உடையாத ஒரு முட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.